ஒரு சாக்குச் சிப்பி

நான் நல்லவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் வந்து "ஐயோ, ஒரு பொம்பள இப்படியா செய்வா" என்று யாரும் நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டாம். செய்தேன். செய்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

என்னைக் கட்டிக்கொடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். மூன்றே வருஷத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளை இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். என் வாய்தான் காரணம் என்று ஊர் சொன்னது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ராஜபாளையத்தில் அம்மா வீட்டு வாசலில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கியபோது எங்கள் தகப்பனார், அத்தா, மவுத்தாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புருஷனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கிற இத்தாவில் அம்மா உள்ளறையில் இருந்தாள். தம்பி பத்தாம் வகுப்பு. அன்றைக்குக் கரண்டியைக் கையில் எடுத்தவள் நான், இன்னும் கீழே வைக்கவில்லை.

தம்பிக்கு இட்லி அவித்துக் கொடுத்து, சட்டை தேய்த்துக் கொடுத்து, காய்ச்சல் வந்தால் விடிய விடிய ஈரத்துணி மாற்றி வளர்த்தேன். பின்னால் அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போன் சாமான் விற்கிற கடை போட்டான். காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவான். வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே "அக்கா, என்ன கொழம்பு?" என்பான். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் பகல் முழுக்க உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் மிகை இல்லை. அவன் என்னை விட்டுப் போய்விடக் கூடாது. எனக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததில்லை.

அவனுக்குப் பெண் அமைந்தது குமரிக் கடற்கரையில் ஒரு ஊரில். ஒரே மகள். அவளுடைய தகப்பனார், அவர்கள் சொல்லில் வாப்பா, தேங்காய் வியாபாரம். பெண் பார்க்கப் போன இடத்திலேயே அந்த மனுஷர் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார்: "வீடு மக பேர்லதான் இருக்கு. மாப்பிள எங்ககூட வந்து இருந்தா எங்களுக்குச் சந்தோஷம். ஒரு கடையும் போட்டுக் குடுக்கலாம்."

கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். அம்மா ஏதோ சொல்ல வாயெடுக்கும் முன்னால் நான்தான் முந்திக்கொண்டேன். "எங்க வீட்ல ஆம்பளப் பிள்ளய வெளிய அனுப்புற பழக்கம் இல்ல மாமா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். நான் விடவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம், இவள் என்றைக்காவது என் தம்பியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்றே தோன்றும்.

அவர்களும் முஸ்லிம்கள்தான், நாங்களும் முஸ்லிம்கள்தான். ஆனால் மார்க்கச் சட்டத்தில் நாங்கள் ஹனபி வழி, அவர்கள் ஷாபி வழி. தொழுகையில் கை கட்டுவதில் ஒரு சின்ன வித்தியாசம், சாப்பாட்டில் ஒரு பெரிய வித்தியாசம். கடலில் நாங்கள் மீன் மட்டும்தான் சாப்பிடுவோம். நண்டு, சிப்பி எல்லாம் எங்களுக்கு ஆகாது. அவர்களுக்குச் சிப்பி ஆகும்; ஆகும் என்ன, சிப்பி என்றால் உயிரை விடுவார்கள். இரண்டும் மார்க்கக் கித்தாபில் உள்ளதுதான், இரண்டும் சரிதான் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே நிக்காஹ் அன்றைக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் அம்மாவுக்குக் கித்தாபு வேறு, வயிறு வேறு. அம்மாவுக்குப் பிடிக்காத காரியத்தை நாங்கள் யாராவது செய்தால் அவள் திட்டமாட்டாள். சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். அத்தாவே அதற்குப் பயப்படுவார். தம்பிக்கு உலகத்திலேயே பெரிய பயம் அம்மா தள்ளி வைக்கும் தட்டுதான்.

கல்யாணமான மூன்றாம் மாதம் மாமியார் வீட்டு விருந்துக்குப் போய்விட்டு வந்தவன், அடுப்படிக்குள் வந்து என் காதோடு சொன்னான்.

"அக்கா, அம்மாட்ட சொல்லிராத. அங்க சிப்பி அவிச்சு வச்சாவ. நான் தின்னேன். ரெண்டு தட்டு. எம்புட்டு ருசின்னு சொல்லத் தெரியலக்கா."

"ஏலே, சத்தியமா?"

"சத்தியமா. நீயும் ஒரு தடவ தின்னு பாரேன்."

சிரித்துக்கொண்டே அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். சொல்லமாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. அதை அப்படியே பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

தம்பி பெண்டாட்டிக்கு அஞ்சாம் மாதம் நடந்தபோது மசக்கை போட்டு வாட்டியது. கஞ்சி நிற்கவில்லை, பழம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் கையைப் பிடித்துப் பார்த்து, "வீட்ல சோறு போடுறாங்களா இல்லையா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. போடாமலா இருக்கிறேன்? வேளாவேளைக்கு வடித்துக் கொட்டினேன். இவள் தின்றால்தானே! வீட்டுக்கு வந்ததும் அவள் போனில் உம்மாவிடம் அழுதது சுவரைத் தாண்டிக் கேட்டது. "சிப்பி வேணும் போல இருக்கு உம்மா. அது ஒண்ணுதான் எறங்கும்னு தோணுது."

மூன்றாம் நாள், சனிக்கிழமை பிற்பகல் அசர் தொழுகைக்கு முன்னால் அவளுடைய வாப்பா வந்து நின்றார். விடியற்காலையில் கடற்கரையில் வாங்கி, மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். தோளில் ஈரச்சாக்கு, சொட்டுச் சொட்டாக ஒழுகி சட்டையெல்லாம் கறை. இன்னொரு கையில் மூடி போட்ட பெரிய அலுமினியப் பானையும் துளைத் தட்டும். அந்த வயதில் அந்த மனுஷர் பஸ்ஸில் பானையை மடியில் வைத்துக்கொண்டு வந்ததற்குக் காரணம், எங்கள் பாத்திரத்தில் அவருடைய சிப்பி படக் கூடாது என்பதுதான்.

கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவிடம் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். "சம்மந்தி, உங்க வீட்டு அடுப்பு வேண்டாம். கொல்லைல மூணு கல்லு வச்சுக்கிடுதேன். ஒங்களுக்குச் சங்கடம்னா இப்பவே எடுத்துட்டுப் போயிருதேன்."

"புள்ளத்தாச்சி கேக்கா. நான் என்னத்தண்ணே சொல்ல? பின்னால வச்சு அவிச்சுக் குடுங்க" என்றாள் அம்மா. அம்மா இளகியது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கே அவித்திருக்கலாம். அவர்தான் மறுநாள் மத்தியானம் ஆகட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை தம்பி அரை நாள்தான் கடைக்குப் போவான். "மாப்பிளயும் இருக்கணும் இல்லியா? அவருக்கும்..." என்று ஆரம்பித்தவரை மகள் "வாப்பா" என்று ஒரு பார்வை பார்த்து நிறுத்தினாள். நான் எதுவும் கவனிக்காதவள் போலத் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

சாக்கைக் கொல்லையில் நிழலான மூலையில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கறுப்பாக, பச்சையாக, கை நிறையும் பெரிய சிப்பிகள். வாய் இறுக மூடி இருந்தன. "எல்லாம் உசுரோட இருக்கு மோளே. இந்தச் சாக்கு மட்டும் ஈரமா இருந்தா போதும், நாளைக்குவரைக்கும் ஒண்ணும் ஆவாது. மறந்தும் நல்ல தண்ணில போட்டுராதீங்க. உப்புல பொறந்த உசுரு. நல்ல தண்ணில முங்கிக் கெடந்தா செத்துப் போவும். செத்தத அவிச்சுத் தின்னா வயித்துக்கு ஆவாது."

"சரி மாமா" என்றேன்.

பொழுது சாய்ந்ததும் அவர் மஃரிபு தொழப் பள்ளிவாசலுக்குப் போனார். தம்பி பெண்டாட்டி வாந்தி எடுத்த களைப்பில் படுத்திருந்தாள். நான் கொல்லைக்குப் போனேன். காத்துக் கிடந்து குடத்தில் பிடித்து வைத்திருந்த குழாய்த் தண்ணீரை, ஒரு சொட்டு வீணானால் நான் தெருவையே கூட்டிவிடுகிற அந்தத் தண்ணீரை, நீலநிற டிரம்மில் நாலு குடம் ஊற்றினேன். சாக்கை அவிழ்த்து அத்தனை சிப்பியையும் உள்ளே கொட்டினேன். மேலே மூடியைப் போட்டு அழுத்தினேன். அடுப்படிக்கு வந்து சோம்பு வறுத்தேன்.

மறுநாள் காலை காலிச் சாக்கைப் பார்த்துத் தேடி அவர் டிரம்மைத் திறந்தபோது நான் வேண்டுமென்றே பக்கத்தில் நின்றேன். நாற்றம் குப்பென்று வந்தது. சிப்பிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. அந்த மனுஷரின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பார்க்கத்தானே நின்றேன்.

"யாரு தண்ணி ஊத்தினது?"

"நான்தான் மாமா. வெயிலுக்கு வாடிப் போவுமேன்னு குடிக்கிற தண்ணிலதான் போட்டு வச்சேன்" என்றேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது எனக்கு. ஆடு நனையுதே என்று ஓநாய் அழுத கதைதான்.

தம்பி பெண்டாட்டி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மைனி, வாப்பா சொல்லிட்டுத்தானே போனாவ?"

"சொன்னாவளா? எனக்கு உப்புத் தண்ணி, நல்ல தண்ணின்னு ஏதோ காதுல விழுந்துச்சு. நாங்க மலையடிவாரத்துக்காரவ ஏட்டி. எங்களுக்கு என்ன தெரியும்? கெண்டய வாங்கினா தண்ணில போட்டுத்தானே வைப்போம்."

அம்மா உள்ளேயிருந்து எனக்குப் பரிந்து பேசினாள். "கடலக் கண்டவளா அவ? அவ்வளவு தண்ணிய யாருக்கு ஊத்துவா இவ? பிரியத்துலதான் ஊத்தியிருக்கா." இதைக் கேட்டு அவர் அப்படியே நம்பிவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவரோ என்னைச் சமாதானப்படுத்தினார். "குத்தமில்ல மோளே. எங்க ஊருக்காரன் ஒங்க ஊரு வயலுக்கு வந்தாலும் இப்படித்தான் எதாவது செய்து வைப்பான்."

அப்புறம் அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு சிப்பியாக எடுத்து விரல் முட்டியால் தட்டினார். உயிர் இருந்தால் வாயை மூடும். மூடவில்லையென்றால் இடது பக்கம் எறிந்தார். இடது பக்கம் மலைபோல் குவிந்தது. ஒரு மணி நேரம் தட்டித் தட்டி, சாக்கு நிறைய வந்ததில் இருபத்தைந்துதான் தேறியது. அதைச் செங்கல்லால் தேய்த்துக் கழுவி, ஓரத்தில் தொங்கிய நாரைப் பிடுங்கினார். மூன்று கல் வைத்து, தேங்காய்ச் சிரட்டையைப் பற்ற வைத்து, பானையில் ஒரு கைத் தண்ணீர் மட்டும் ஊற்றினார். தட்டில் சிப்பியைப் பரப்பி, நசுக்கின சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள், கறிவேப்பிலை தூவி மூடினார். உப்பே போடவில்லை.

கொதி வந்து ஆவி கிளம்பியது. மூடியைத் திறந்தபோது ஓடுகள் விரிந்து உள்ளே மஞ்சளாகச் சதை தெரிந்தது. நாலைந்து விரியவே இல்லை. அதையும் எடுத்து எறிந்தார். இத்தனை வருஷமாக அடுப்படியில் கிடக்கிறவள் சொல்கிறேன்: அந்த வாசம் நன்றாக இருந்தது. எனக்கே நாக்கு ஊறியது. அதற்கும் சேர்த்து அவள்மேல் கோபம் வந்தது.

அவளுக்கு முதல் சிப்பியை அவரே எடுத்து ஊட்டினார். அவள் மென்றாள். விழுங்கினாள். நாங்கள் எல்லோரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாந்தி வரவில்லை. இரண்டாவது தின்றாள், மூன்றாவது தின்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. இருந்ததே இருபது இருக்கும். அதில் பத்தை அவள் ஒரு தட்டில் ஒதுக்கி வைத்து மூடினாள். யாருக்கென்று யாரும் கேட்கவில்லை.

தம்பி வந்தான். கொல்லையில் மாமனாரைப் பார்த்து சலாம் சொன்னான். வாசம் மூக்கில் ஏறியதும் அவன் கண் ஒரு நொடி பானைக்குப் போய்த் திரும்பியது. அம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவன் பெண்டாட்டி தட்டை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய், ஒரு சிப்பியைப் பிரித்து, சதையை விரலில் எடுத்து, சத்தமில்லாமல் நீட்டினாள். அவன் மட்டும் திரும்பி நின்று வாங்கித் தின்றிருந்தால் அம்மா கவனித்தே இருக்கமாட்டாள்.

நான் கத்தினேன். "ஏலே! நீ இதத் தின்பியா? அம்மா, இங்க பாரும்மா. ஒம்மவன் சிப்பி தின்பானாமே!"

தம்பி என்னைப் பார்த்தான். அவன் என்னிடம் மட்டும் சொன்னது அது. "சொல்லிராத" என்று என் காதோடு சொன்னது. அவன் பார்வையில் கோபம்கூட இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்து நின்றேன். அம்மாவும் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ச்சீ! நான் எப்ப இதத் தின்னேன்?" என்றான்.

அவள் கை நீட்டியபடியே இருந்தது. "எங்க வீட்ல ரெண்டு தட்டு வாங்கித் தின்னியளே?" என்றாள். குற்றம் சொல்லவில்லை. மறந்துவிட்டானோ என்று கேட்பதுபோல்தான் கேட்டாள்.

"பொய் சொல்லாத. இந்தக் கருமத்த மனுஷன் திம்பானா?"

அவள் கையை இறக்கினாள். அவளுடைய வாப்பா அடுப்பில் எரிந்துகொண்டிருந்த சிரட்டையை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, மண்ணைப் போட்டு அணைத்தார். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு அந்த இரண்டு தட்டையும் பரிமாறியதே அவர்தான். பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அம்மாவிடம் வந்தார். "சம்மந்தி, பிள்ளய இப்பவே கூட்டிட்டுப் போறேன். உம்மாகிட்ட இருந்தா நாலு வாய் திம்பா. ஏழாம் மாசம் கூட்டிட்டுப் போறதுதானே, ரெண்டு மாசம் முந்திப் போனா என்ன?"

மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். போகும்போது அவள் என்னிடம் வந்து, "வாரேன் மைனி" என்றாள். தம்பியிடம் எதுவும் சொல்லவில்லை. நான் கதவைச் சாத்தினேன். கொல்லையில் கிடந்த செத்த சிப்பியை அள்ளிச் சாக்கடை ஓரம் கொட்டிவிட்டு வந்து, ராத்திரிக்குத் தம்பிக்குப் பிடித்த எள்ளுத் துவையல் அரைத்தேன்.

பெண் பிள்ளை பிறந்தது. தம்பி ஆஸ்பத்திரிக்குப் போய் பிள்ளையைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டான். மாமனார் சாப்பிடக் கூப்பிட்டாராம்; கடையைச் சாக்குச் சொல்லிவிட்டானாம். நாற்பதாம் நாள் கூட்டிவரக் கிளம்பினான். திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், அங்கே ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு ஒரே ஒருமுறை வாய் திறந்தான்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவச் சொல்ற? அவரு கையால தின்னுட்டு, அவரு முன்னாலயே அவர் மவளப் பொய்க்காரின்னு சொல்லிருக்கேன். அவரு ஒண்ணும் கேக்கமாட்டாருக்கா. வாங்க மாப்பிளன்னுதான் சொல்லுவாரு. அதத்தான் என்னால தாங்க முடியாது."

அவளும் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. தன் புருஷன் வந்து கூப்பிட்டால் வருகிறேன் என்பதுதான் அவள் பேச்சு. ஒருநாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே என்னிடம் சொன்னாள், "அவன் தின்னிருந்தாத்தான் என்ன? ரெண்டு வேள பட்டினி கெடந்துட்டு எந்திரிச்சிருப்பேன். இதுக்குப் போயா பொண்டாட்டியப் பொய்க்காரி ஆக்குவான்?" இதை நான் தம்பியிடம் சொல்லியிருக்கலாம். அவன் பாரத்தில் பாதி இறங்கியிருக்கும். சொல்லவில்லை. நான் ஒரு பஸ் ஏறிப் போய், "அவன் தின்னான், எனக்குத் தெரியும், நான்தான் மடக்கினேன்" என்று சொல்லியிருந்தால் மீதிப் பாதியும் இறங்கியிருக்கும். அதையும் செய்யவில்லை. அவனே ஒருமுறை, "நீ வேணா கூட வாயேன்க்கா" என்று கேட்டான். மூட்டு வலி என்றேன்.

பிள்ளைக்கு இப்போது இரண்டு வயது முடிந்துவிட்டது. தம்பி வீட்டோடுதான் இருக்கிறான். எங்கேயும் போகவில்லை. "என்ன கொழம்பு?" என்று கேட்பதை நிறுத்திவிட்டான், வைத்ததைச் சாப்பிடுகிறான். நான் நினைத்தது நடந்துவிட்டது. அல்லா என்னைக் கேட்கிற அன்றைக்குக் கேட்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. அவளுடைய வாப்பா. என் மூட்டு வலியை விசாரித்தார். மருந்துத் தைலம் கொடுத்துவிடட்டுமா என்றார். அப்புறம்தான், "மாப்பிள இருக்காரா மோளே?" என்றார். தம்பி சோற்றுக் கையை ஆட்டி வேண்டாம் என்றான்.

"கடைக்குப் போயிட்டானே மாமா."

"அப்படியா. செத்த இருங்க, பிள்ள போனப் பிடுங்குது."

மூச்சுச் சத்தம் கேட்டது. பின்னால் அவள் குரல், கோபமே இல்லாமல், சிரிப்போடு சொல்லிக் கொடுத்தது: "கேளு, கேளு. அத்தா எப்ப வருவாவன்னு கேளு." அவர்கள் ஊரில் தகப்பனை வாப்பா என்பார்கள். அத்தா என்பது எங்கள் வீட்டுச் சொல். பிள்ளை போனுக்குள் வாயை வைத்துக் கத்தியது, "அத்தா எப்ப வருவ? அத்தா வா!"

நான் தம்பிக்குக் கேட்டுவிடாமல் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு வைத்தேன்.

தம்பி தலையைத் தூக்காமல் கேட்டான். "பிள்ள பேசுச்சா?"

"உறங்குதாம்" என்றேன். "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?"

தட்டை நீட்டினான்.